அரைநாள் ஃபிட்டர்

பல்லாவரத்துப் பம்புசெட் கம்பெனியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்கள். என் அண்ணன் தேவானந்தம் மட்டும் கான்வாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடப்பார். கம்பெனியின் கால்பந்து டீமில் அவர் ரைட் ஹாஃப். ஆட்டக்காரன் என்று தனியாக ஒரு வேலை அந்நாளில் கிடையாது. பதிவேட்டில் அவர் ஃபிட்டர். 1962இலிருந்து பதினோரு வருஷம், காலையில் ஃபிட்டர், மதியத்துக்கு மேல் ஆட்டக்காரர்.

சனிக்கிழமை லீக் ஆட்டம் இருந்தால் என்னையும் கூட்டிப் போவார். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியம் வரை நடப்போம். அவர் பையிலிருந்து தைலமும் ஈரத் தோலும் கலந்த வாசனை வரும். இன்றும் ஏதாவது ரயில் பெட்டியில் அந்த வாசனை வந்தால் எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது.

மைதானத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதே அப்போது எனக்குப் புரியாது. பின்னால் நிற்பவரிடம் பந்தை வாங்குவார், முன்னால் ஓடுபவருக்குத் தள்ளுவார். கைதட்டல் முழுக்க முன்னால் ஓடுபவருக்கு.

"நீங்க ஏண்ணா கோல் போட மாட்டேங்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போடுறவனுக்குப் பந்து எங்கேருந்து வருதுடி, வானத்துலேருந்தா?"

பத்திரிகையில் கோல் போட்டவர்கள் பெயர் மட்டும் வரும். அண்ணன் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு முறை. நடுவர் எச்சரித்தார் என்ற செய்தியில். அம்மா அதையும் வெட்டி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் மைதானத்தில் இருக்கும்போது பட்டறையில் அவர் வேலையை யார் செய்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பக்கத்து வைஸில் நின்ற ரங்கன் செய்தார். நீலாங்கரை மீனவர் வீட்டுப் பிள்ளை, அண்ணன் வயதுதான். தன் பங்கை முடித்துவிட்டு அண்ணன் பங்கையும் அராவி வைப்பார்.

1973இல் புது மேனேஜர் வந்தார். அண்ணனுக்கு வயது முப்பத்தொன்று, வலது முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. டீமை விட்டு விலகும் ஆட்டக்காரர்கள் தொழில் தேர்வு செய்து காட்ட வேண்டும், தேறினால்தான் வேலை என்று உத்தரவு வந்தது. இரும்புத் தகட்டில் ஒரு சதுர ஓட்டை, அதற்குள் இறங்க ஒரு சதுரத் துண்டு. எந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டாலும் பொருந்த வேண்டும், இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஆறு மணி நேரம்.

முதல் தடவை போர்மேன் ஸ்ரீநிவாசராகவன் தகட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"தேவானந்தம், இது வழியா பேப்பரே படிக்கலாம்யா."

பட்டறையே சிரித்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்றார்கள். அதன் பிறகு தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே அண்ணன் கம்பெனிக்குப் போனார். ரங்கன் பக்கத்தில் நின்றுகொண்டு விடாமல் கிண்டல் செய்வாராம்.

"இன்னாபா, கோல் போஸ்டா செய்யச் சொன்னாங்கோ? சதுரம்பா, சதுரம்! ஆட்றதெல்லாம் கிரவுண்டோட வச்சுக்க. இங்க அரம் ஆடக் கூடாது."

அந்தக் கோடையில்தான் எனக்கு பி.ஏ. கடைசிப் பரீட்சை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, அண்ணன் உள்ளங்கைக் கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். நான் தவறினால் எனக்குச் செப்டம்பரில் மறுபரீட்சை உண்டு. அவருக்கு இல்லை. இது தெரிந்தும் அன்று நான் என் பரீட்சையை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தேர்வு வைத்த அதே நாளில் லீக்கின் கடைசி ஆட்டமும் வந்தது. முந்தின நாள் மாலை டீம் செக்ரட்டரி லக்ஷ்மிநாராயணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தேவா, நாளைக்கு நீ இல்லேன்னா டீமே இல்லப்பா. வந்து ஆடு. இன்னும் ரெண்டு வருஷம் உன்னை டீம்ல வச்சுக்கறேன். டெஸ்டாவது ஒண்ணாவது, மேனேஜர்கிட்ட நான் பேசறேன்."

"எழுத்துல வாங்கித் தருவீங்களா சார்?"

"என்னப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

உள்ளேயிருந்து அண்ணி தபீதாளின் குரல் வந்தது. "முழங்காலு ரெண்டு வருஷம் தாங்குமான்னு அதுகிட்டயும் நீங்களே பேசிடுங்க சார்."

செக்ரட்டரி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. செக்ரட்டரி போன பிறகு அண்ணன் பூட்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். காலையில் அந்தப் பையோடுதான் கிளம்பினார். அண்ணி வாசலில் நின்று பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றதெல்லாம் ரங்கன் பிறகு எங்கள் வீட்டில் சொன்னது. எட்டு மணிக்கு அண்ணன் அராவத் தொடங்கினார். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. அரத்தைக் கீழே வைத்துவிட்டார். பதினோரு வருஷப் பழக்கம், கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. வெளியே டீம் ஆட்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "தேவா! தேவா!" என்று செக்ரட்டரி கூப்பிடுவது பட்டறை முழுக்கக் கேட்டது. தேர்வில் நிற்பவரிடம் யாரும் பேசக் கூடாது என்பதால் ரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அண்ணன் கையைப் பழைய துணியில் துடைத்துவிட்டு அரத்தை எடுத்தார்.

இரண்டு மணிக்கு போர்மேன் துண்டை ஓட்டையில் போட்டார். முதல் பக்கம் இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது பக்கமும் இறங்கின.

"நாலாவது கொஞ்சம் பிடிக்குதேய்யா."

"பிடிக்கட்டும் சார். வெளிச்சம் தெரியுதா பாருங்க."

போர்மேன் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, ஜன்னலுக்கு எதிரே வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அண்ணனுக்கு முதலில் ரங்கன் ஞாபகம்தான் வந்தது. "ரங்கா, மணி ரெண்டுதான் ஆகுது. பர்மிஷன் சொல்லிட்டுப் போய் மேட்ச் பாரு. உன் வேலைய நான் பாக்கறேன்."

"நீ ஆடாத மேட்ச்சு எனக்கு இன்னாத்துக்கு? நீ ஆடனதையே நான் ஒரு தபா பாத்ததில்ல."

அண்ணன் விளங்காமல் பார்த்தாராம்.

"எப்படிபா பாக்கறது? நீ அங்க ஆடிக்கினு இருந்தா உன் வேலைய இங்க யாரு செய்யறது?"

"சொல்லியிருக்கலாமே, ரங்கா."

"சொன்னா? நீ அராவிக்கினு நின்னுட்டு என்னை ஆட அனுப்பியிருப்பியா? போபா, பேஜார் பண்ணாத. வேலையப் பாரு."

இருவரும் அடுத்தடுத்த வைஸில் திரும்பி நின்றார்கள். அண்ணன் பதினோரு வருஷத்தில் கேட்டிராத மாலைச் சங்கு ஐந்து மணிக்கு ஊதியது. இருநூறு பேர் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். வேலை முடிந்து வெளியேற டோக்கன் போடும் வரிசை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அண்ணன் கூட்டத்தின் நடுவே நின்றார். ரங்கன்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இந்தாண்ட வா, ஃபிட்டரு."