வாசலில் விரித்த காலடிகள்

அந்தக் கால்மிதியை அச்சடிக்கச் சொன்னது நான்தான். பஷீர் பாய் அல்ல. இதை உங்களிடம் சொல்கிறேன்... சொல்ல வேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் கடையை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூர் ஓவியர் முருகேசனின் படங்களைக் கோப்பையிலும் துணிப்பையிலும் அச்சிட்டு விற்போம். அச்சு வேலை திருப்பாதிரிப்புலியூர் பஷீர் பாயுடையது. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைப்பார்கள்.

முருகேசனின் ஒரு படத்தில் ஈர மணலும் சின்னக் காலடித் தடங்களும் மட்டுமே இருக்கும். சுனாமியில் போன அவர் மகளின் காலடிகள். எனக்குத் தெரியும்! தெரிந்தும், கால்மிதிக்கு அது எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்றுதான் என் புத்தி போயிற்று.

"வேணாம் மேடம். அந்தப் புள்ள காலடிய மிதிக்கப் போடுறதா?" என்றார் பாய்.

"அவரே சரின்னுட்டாரு" என்றேன். பொய்!

முதல் கால்மிதியைக் கடை வாசலில் நானே விரித்தேன். விற்பனை சூடுபிடித்தது. ஒருநாள் முருகேசன் வந்தார். செருப்பைக் கழற்றியவர் உள்ளே கால் வைக்காமல் நின்றுவிட்டார். குனிந்து அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யாரு செஞ்சது இத?"

"பாய்தாங்க... எங்களக் கேக்காமயே அச்சடிச்சு அனுப்பிட்டாரு."

"மச்சானா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா எங்கூட அலைஞ்சு எம்பொண்ணத் தேடுனவனா?"

அன்றோடு பாயிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பாய் வீடு தேடிப் போயும் கதவு திறக்கவில்லை. "நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம்" என்று பாய் என்னிடம் கெஞ்சினார். ஊரறிய என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அவர்.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? அப்படித்தான் கொஞ்சநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லை... முருகேசன் என்னை ஏறிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். வெட்கங்கெட்ட பயம்!

2011இல் பாய் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவர், "அவங்கிட்ட சொல்லிட்டீங்களா மேடம்? உண்ம தெரிஞ்சா மச்சான் வந்துடுவான்" என்றார்.

"சொல்லிட்டேன் பாய்."

எப்படி வந்தது அந்த வார்த்தை? தெரியவில்லை... நாக்கு கூசவே இல்லை!

கல்யாணத்தன்று பாயின் கண்கள் மண்டப வாசலிலேயே இருந்தன. முருகேசன் வரவில்லை. உண்மை தெரிந்தும் மச்சான் வரவில்லை என்றே பாய் நினைத்திருப்பார். இன்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

பந்தியில் அவரே எனக்குப் பிரியாணி பரிமாறினார். "நல்லா சாப்புடுங்க மேடம்" என்றார்.

சாப்பிட்டேன்... இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.