வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்ததே அநியாயம். நெரவியில் நெல் போட்டுச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடும் சிவப்பு வண்டி எதற்கு? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாமா அதைக் கப்பலில் கொண்டுவந்தார். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் தலையில் கட்டிவிட்டுப் பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்டார். அதில் ஒரு மூட்டை நெல் ஏற்ற முடியாது. அம்மாவை ஏற்றினால் இறக்க முடியாது.

அப்பாவுக்கு அது வண்டி இல்லை, சாமி. வெள்ளிக்கிழமை தவறாமல் முன்மூடியைத் திறந்து, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக எஞ்சின்மேல் ஊற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். எங்கள் கிணறு உப்பு.

"அரிச்சிரும்ப்பா" என்றால், "நாமளும் அதுலதானே குளிக்கிறோம்? துருவா புடிச்சிட்டு?" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் காரைக்காலுக்குப் போய்விட்டு வந்து நிறுத்திய சூட்டோடு ஊற்றினார். 'டக்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்பு, மேனிஃபோல்டு என்பார்கள், குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. அதன்பிறகு வண்டியைக் கிளப்பினால் தெருவே ரைஸ்மில் வந்துவிட்டதாக எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கைக்கு நெடுங்காட்டில் மாப்பிள்ளை அமைந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் காரையும் பார்த்தார்கள். "மாப்ள அழைப்புக்கு இந்தக் காருதானேங்க?" என்று சம்பந்தி கேட்டதும், "பின்ன? இது எதுக்கு நிக்கிது?" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குத் தவறினால் சபையில் அவரால் தலை நிமிர முடியாது. தங்கையோ, "மாட்டு வண்டில வந்தாலும் எனக்கு ஒண்ணுதாண்ணே" என்றாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

மாமாவுக்கு எழுதினோம். லீவில் ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே புது மேனிஃபோல்டு வந்து சேர்ந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானாம்!

பம்புசெட்டும் டிராக்டரும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தவர், "இது போல்ட்டாங்க? வேருல்ல வுட்டிருக்கு" என்றார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். ஸ்பானர் போட்டால் வழுக்கியது. என் விரல் முட்டித் தோல் உரிந்ததுதான் மிச்சம். மறுபடி போட்டால் போல்ட்டின் முனைகள் மழுங்கி, தலை கோலிக்குண்டாக ஆனது. உளி வைத்து அடித்தோம். கேஸ் வெல்டிங்காரரை வரவழைத்து நெருப்பால் சுட்டோம். ஒவ்வொன்றும் கீச்சென்று அழுதுகொண்டே வெளியே வந்தது. கடைசிப் போல்ட்டில் தலை மட்டும் கையோடு வந்தது, உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதை ட்ரில் போட்டு எடுக்க உட்கார்ந்தால் கரண்ட் போய்விட்டது. அன்று அந்தக் காரை, அதைச் செய்தவனை, மாமாவை, கிணற்றை உப்பாக்கிய கடலை என்று ஒன்றுவிடாமல் திட்டித் தீர்த்தேன். "நல்ல காரியம் நடக்கப்போற வூடு, வாயக் கழுவு" என்றார் அப்பா. எதைப் பார்த்தாலும் அவருக்குக் கழுவ வேண்டும்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று பிற்பகலில்தான் வேலை முடிந்தது. வண்டியைக் கிளப்பி ஒரு சுற்று சுற்றிவந்தோம். பூனைபோல உறுமியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று வியாழக்கிழமை. அந்தத் தைரியத்தில்தான் வண்டியை வாசலில் விட்டுவிட்டு மெக்கானிக்கோடு கை கழுவப் போனேன்.

சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டது. 'டக்.'

ஓடிவந்தேன். புது இரும்பில் அதே இடத்தில் விரிசல். தண்ணீர் இறங்கி நனைந்ததில் எஞ்சின் கிளம்பவே மாட்டேன் என்றது. அப்பா காலி வாளியோடு நின்றார். "மாப்ள ஒக்காரப் போற வண்டியாச்சேன்னு..." என்று இழுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவரோ தோள் துண்டை எடுத்து, எஞ்சினில் வழிந்த தண்ணீரை ஒற்றி ஒற்றித் துடைத்தார். "தள்ளிரலாமாடா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் அவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

தள்ளுகிற ஆட்கள் தெரியாதபடி பின்பக்கம் முழுக்கப் பூச்சரம் தொங்கவிட்டோம். மெக்கானிக் முகத்தில் ஈயாடாமல் ஸ்டியரிங் பிடித்தார். மாப்பிள்ளை மாலையோடு சாய்ந்திருக்க, நானும் சித்தப்பா பிள்ளைகளும் குனிந்து பிள்ளையார் கோயிலிலிருந்து சத்திரம்வரை தள்ளினோம். முன்னால் மேளம், அதன்பின் அப்பாவும் சம்பந்தியும். பாதி வழியில் மேளம் நின்றபோது சம்பந்தி திரும்பிப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது.

"என்னமா போவுது பாருங்க, சத்தமே இல்லாம! சீமக் காருன்னா சீமக் காருதாங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பின்ன? வெள்ளிக்கெழம தவறாம தண்ணி ஊத்திக் கழுவுறோமுல்ல, சம்பந்தி!"