காய்ச்சலை நம்பியவர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதரைப் பச்சை மரக்கறி தின்ன வைப்பது லேசான காரியமல்ல. என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பூசை முடிந்து வந்தால் பாணும் மாட்டிறைச்சிக் கறியும் மேசையில் இருக்கவேண்டும். சீனி வருத்தம் வந்த பிறகும் நாக்கு அடங்கவில்லை. கால் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியபோதுதான் பயந்தார். யாரோ சொன்னதைக் கேட்டு, பாமன்கடைப் பக்கம் ஒரு சின்ன ஒழுங்கைக்குள் இருந்த இயற்கை மருத்துவரிடம் போனோம்.

அந்த மருத்துவர் எங்களுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். “உடம்புக்குத் தன்னைத் தானே சுகப்படுத்திற சக்தி இருக்கு அங்கிள். நாங்கள் அதுக்கு இடைஞ்சல் குடுக்காமல் இருந்தால் காணும்” என்றாள். சாப்பாடு, தண்ணீர், வெயில், காற்று, மண், நித்திரை இவைதான் தன்னுடைய மருந்து என்றாள். கூடவே, “ஆஸ்பத்திரிக் குளிசையை நீங்களா நிப்பாட்டக்கூடாது. கால் மரத்திருக்கிறபடியால் வெறுங்காலோட நடக்கவே கூடாது” என்றும் சொன்னாள். எனக்கு எல்லாம் கேட்டது. அவருக்கு முதல் பாதி மட்டும் கேட்டது.

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அடுப்புக்குப் பாதி வேலை குறைந்தது. காலையில் வல்லாரைக் கஞ்சி, மத்தியானம் வெள்ளரிக்காயும் கரட்டும், வயிற்றைச் சுற்றி ஈரத்துணி, பிறகு மண்பூச்சு. பெரிய பேசினுக்குள் தண்ணீர் நிரப்பி, இடுப்பு நனைய உட்கார்ந்து பத்திரிகை வாசிப்பார். மார்க்கெட்டில் மரக்கறிக்காரர், “நோனா, கெதர ஹாவெக் இன்னவாத?” என்று கேட்டார். வீட்டில் முயல் வளர்க்கிறேனாம். ஓம், பென்ஷன் எடுக்கிற முயல் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் மனிதர் தேறினார். இதை மறைத்தால் நான் பொய்க்காரி. சீனி இறங்கியது, தொப்பை வற்றியது, ஆஸ்பத்திரி டொக்டரே குளிசையைக் குறைத்தார். மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறினார். அந்தப் பெண்ணுக்கு நான் மனதார நன்றி சொன்ன காலம் அது.

தொடக்கத்தில் அவருக்குத் தலையிடியும் இலேசான காய்ச்சலும் வந்தன. “பழக்கம் மாறேக்க முதல் கொஞ்ச நாளைக்கு இப்பிடி வரும். கழிவு வெளியேறுது எண்டு நினையுங்கோ” என்று அவள் சொன்னாள். சொன்னபடியே நின்றுபோயிற்று. விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்ததாக அவர் மனப்பாடம் பண்ணியது அந்த வசனத்தைத்தான். அதன்பிறகு இருமினாலும் கழிவு, வயிற்றால் போனாலும் கழிவு. “இவ்வளவு கழிவு உங்களிட்ட இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் நான் கட்டியே இருக்கமாட்டன்” என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்.

விடிய எழும்பி, ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு நடக்கப் போவார். மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் நல்லது என்று போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கத் தொடங்கினார். மருத்துவர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். “அந்தப் பிள்ளை பயத்தில சொல்லுது” என்றார். ஒருநாள் காலை வாசலில் இருந்து குளியலறைவரை தரையில் இரத்தம். அவர் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் போத்தல் ஓடு ஏறியிருந்தது.

கழுவிக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் கட்டை அவிழ்த்துவிட்டு மண் வைத்தார். கால் வீங்கியது, பிறகு காய்ச்சல் தொடங்கியது. நான் அறைக்குள் போனபோது முகம் சிவக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“தொட்டுப் பாருமன், என்ன காய்ச்சல்! உடம்பு சண்டை பிடிக்குது. காய்ச்சல் வராத உடம்புக்குத்தான் பயப்பட வேணும்.”

மேல்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி கத்தினேன். அழுதும் பார்த்தேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு உபவாசம் என்று படுத்துவிட்டார். கடைசியில் அந்த மருத்துவருக்கே போன் எடுத்தேன். வைத்த கையோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையைப்போல அவளிடம், “டொக்டர், நல்லாக் காயுது” என்றார்.

அவள் மண்ணைக் கழுவினாள். எனக்கு அழுகல் மணம் பிடிபட்டது. அவள் முகம் மாறிவிட்டது. “அங்கிள், நான் இதைச் சொல்லேல்லை. இது கழிவில்லை, கிருமி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்” என்றாள். நான் சொல்லிக் கேட்காதவர், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னமே கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. காலைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உள்ளே போகும்போதெல்லாம், “காய்ச்சல் இருக்கோ?” என்றுதான் கேட்பார். இருக்கிறது என்றால் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. செத்தவீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைவிட அதிகமாக அழுதவள் அவள்தான். கோபமெல்லாம் அவர்மேல்தான். சொன்னதில் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு என்னைத் தனியே விட்டுப் போனாரே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் செத்துப்போன மனிதரோடு கோபித்துக்கொண்டு யாருக்குச் சோறு போடாமல் விடுவது?

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலை அவருடைய நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. அத்தனை நாள் கொதித்த நெற்றி. எனக்குக் கால் தரையில் படவில்லை. வார்டு டொக்டரிடம் ஓடிப்போய், “காய்ச்சல் விட்டிட்டுது” என்றேன். அவர் சிங்களப் பொடியன். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், தெரிந்த தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“அம்மா, அது நல்லது இல்ல. உடம்புக்கு இப்ப காய்ச்சல் எடுக்கவும் பலம் இல்ல.”

அவர் அதற்குமேல் விளக்கவேண்டியிருக்கவில்லை. இதையேதான் என் கணவர் கட்டிலில் இருந்து எனக்குச் சொல்லியிருந்தார்.

திரும்பி உள்ளே போனேன். அவருடைய கண் பாதி திறந்திருந்தது. ஒட்சிசன் முகமூடிக்குள் உதடு அசைந்தது. என்ன கேட்கிறார் என்று குனிந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். அந்தக் குளிர்ந்த நெற்றியில் கையை வைத்தேன்.

“இருக்குதப்பா,” என்றேன். “கை வைக்கேலாது, அப்பிடிக் காயுது.”