வீடியோவை அணைக்கச் சொல்லாத ஜூலியா அக்கா

எங்கள் அலுவலகத்தில் நெட் மெதுவானால் எல்லோரும் முதலில் திட்டுவது ஜூலியா அக்காவைத்தான். அக்கா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. எழுந்து வந்து மேசை மேசையாக எட்டிப் பார்த்து, யார் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்கள் மானத்தை வாங்கிவிட்டுத்தான் உட்காருவார்.

இதே ஊரில், ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். டிப்ளமோ முடித்துக் கேபிள் கம்பெனியில் சேர்ந்து, மொட்டை மாடிகளில் ஏறி ஒயர் இழுத்தவர். இன்றைக்கு மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் எங்கள் பிரேசர் டவுன் கம்பெனியின் மொத்த நெட்வொர்க்கும் அவர் கையில். இன்டர்நெட்காரர்களிடம் கன்னடத்தில் சண்டை போடுவார், பிரியாணிக் கடையில் உருதுவில் பேரம் பேசுவார், என்னிடம் தமிழில் பேசுவார். அந்தத் தமிழும் பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடும். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற எனக்குத்தான் தலைவேதனை.

என் பெயர் சௌம்யா. ஊர் தர்மபுரி. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு காது கேட்பது போய்விட்டது. வார்டில் நர்ஸுகள் பார்க்கும் டேப்லெட் திரைகளை வடிவமைப்பது என் வேலை. மீட்டிங் என்றால் சென்னையிலிருந்து சுப்ரியா வீடியோவில் வருவார். மற்றவர்கள் பேசுவதை எனக்குச் சைகை மொழியில் காட்டுவார். நான் கையால் சொல்வதை அவர் பேச்சாக்குவார்.

நெட் இழுக்க ஆரம்பித்தால் சுப்ரியாவின் கைகள் பாதி வாக்கியத்தில் அப்படியே நின்றுவிடும். மற்றவர்களுக்குக் குரல் தடங்கல் இல்லாமல் கேட்கும் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்போது மேனேஜர் பத்ரிநாத் சாட்டில் எழுதுவார்: “நெட் ஸ்லோ. எல்லாரும் வீடியோவை ஆஃப் பண்ணுங்க.” எல்லா ஆபீஸிலும் எழுதுகிற, மரியாதையான வேண்டுகோள்தான். எனக்கு மட்டும் அது வாயைப் பொத்துகிற கை. யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மேலும் இரண்டு மீட்டிங் இப்படிப் பாழான பிறகு, அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு என் புதிய வார்டுத் திரையை என் டீமில் இருக்கும் ரகுராம் விளக்கட்டும் என்று பத்ரிநாத் முடிவு செய்தார். எனக்குச் சிரமம் வேண்டாமாம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நின்று நர்ஸுகளின் கைகளைக் கவனித்து நான் செய்த வேலை அது. ரகுராம் நல்ல பையன். ஆனால் அவனுக்கு அதில் ஒரு பொத்தான்கூட ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது.

கோபத்தை எல்லாம் போனில் தட்டி ஜூலியா அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அக்கா படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நான் பிடிப்பதற்காக, கன்னடம் கலக்காமல், மெதுவாகச் சொன்னார்: “வீடியோவை ஆஃப் பண்ணுன்னா உன்னை வாய மூடுன்னு சொல்ற மாதிரி. இவ்வளவு நாளா நானும் அதைத்தானே செட் பண்ணி வெச்சிருக்கேன்.”

ஒரே லைனில் எல்லோருடைய வேலையும் நெருக்கியடித்துப் போகும்போது யார் முதலில் என்று தீர்மானிப்பது ரவுட்டர். அக்கா அதைக் கல்யாணப் பந்தி என்பார். முதல் பந்தியில் குரல். அடுத்ததில் கணக்குப் பிரிவின் மென்பொருள். கடைசியில் வீடியோவும் டவுன்லோடும், மிச்சம் இருந்தால். உலகமெங்கும் அதுதான் வழக்கம். அதை மாற்றப்போவதாகச் சொல்ல அக்கா பத்ரிநாத்திடம் போனார். நானும் கூடவே போனேன். பத்ரிநாத் நிதானமாகப் பேசுகிறவர், உதட்டைப் படிப்பது சுலபம். ஒருத்தருக்காக மாற்றி, மற்றவர்களின் போன் கால் கட்டானால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

“நான் சொல்றேன் சார். கட்டானா என் பேரைச் சொல்லுங்க. ஆனா சரியா வந்துச்சுன்னா சௌம்யாதான் பேசணும்.”

பத்ரிநாத் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

எனக்கும் சுப்ரியாவுக்கும் இடையே ஓடும் வீடியோவுக்கு மட்டும் லைனில் ஒரு பங்கை அக்கா ஒதுக்கினார். அது போன் பேச்சைத் தின்றுவிடாதபடி ஓர் எல்லையும் வைத்தார். பிறகு ஆபீஸ் முழுவதையும் ஒரே நேரத்தில் பெரிய பெரிய ஃபைல்களை இறக்கச் சொன்னார். அன்றைக்கு மட்டும் கிரிக்கெட்டுக்கும் அனுமதி. என் கைகள் சுப்ரியாவுக்குத் தெளிவாகத் தெரிந்தன. சுப்ரியாவின் கைகளோ எனக்கு நின்று போயின. எனக்கு அழுகை முட்டியது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போகிற வழி சரி, வருகிற வழியில்தான் நெரிசல் நமக்கு வெளியே, இன்டர்நெட்காரன் பக்கம் நடக்கிறது என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். லைனின் முழு வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ரவுட்டருக்கு வரம்பு வைத்தார். நெரிசல் நம் வாசலுக்கு வந்தால்தான் நாம் வரிசைப்படுத்த முடியும் என்பது அவர் கணக்கு. மறுபடி எல்லோரும் இறக்கினார்கள். சுப்ரியாவின் விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“உன்னை மாப்பிள்ளை வீட்டோட உட்கார வெச்சுட்டேன். நல்லா சாப்பிடு.”

மீட்டிங் நாள் வந்தது. நான் கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்தேன், மற்றவர்கள் அவரவர் இடத்திலிருந்து வீடியோவில் வந்தார்கள். நான் விளக்க ஆரம்பித்துப் பாதி போயிருப்பேன். மாடியில் யாரோ ஏதோ பெரிய ஃபைலை நெட்டில் ஏற்றத் தொடங்கியிருக்க வேண்டும். பத்ரிநாத்தின் முகம் திறந்த வாயோடு திரையில் உறைந்துவிட்டது. ரகுராம் கட்டம் கட்டமாக உடைந்தான். சாட்டில் பத்ரிநாத்தின் வரி வந்து விழுந்தது: “நெட் ஸ்லோ. எல்லாரும் வீடியோவை ஆஃப் பண்ணுங்க.”

எத்தனை மீட்டிங் அந்த வரியோடு எனக்கு முடிந்திருக்கிறது!

அடுத்த வரியும் அவரிடமிருந்தே வந்தது: “சௌம்யாவும் சுப்ரியாவும் தவிர.”

முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரையில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். அவசர அழைப்புப் பொத்தானை ஏன் இடது ஓரம் கீழே வைத்தீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டதைச் சுப்ரியா ஓர் அசைவுகூட விடாமல் காட்டினார். நர்ஸுகள் டேப்லெட்டை இடது கையில்தான் பிடிக்கிறார்கள், வலது கை நோயாளியின் மேல் இருக்கிறது, அதனால் இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடம் அது என்று சொன்னேன். இதை நான் சொன்னேன். வேறு யாரும் எனக்காகச் சொல்லவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஜூலியா அக்கா நின்றுகொண்டிருந்தார். கைதட்டினால் எனக்குக் கேட்காது. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, காது கேளாத எங்கள் வழக்கப்படி இரண்டு கைகளையும் உயரத் தூக்கி விரல்களை ஆட்டினார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பதிலுக்கு நான் கையசைக்கவில்லை. என் கைகள் பேசிக்கொண்டிருந்தன.