பத்துக்கு எட்டு

சனிக்கிழமை காலை கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது குழந்தையம்மாளின் கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் கட்டிய மஞ்சள் கிழங்கும்தான் இருந்தன. தாலிக்கொடியைக் கழற்றி மகளிடம் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. பெருந்துறைக்குத் தெற்கே தோட்டத்து வீடுகளில் குடியிருக்கும் பெண்களில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் இருக்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்துவையும் அவர் மனைவி பழனாத்தாளையும் ஒரு நாள் சாயங்காலம் யாரோ அடித்துக் கொன்றுவிட்டு நகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. ஒரு சத்தமும் இந்தப் பக்கம் கேட்கவில்லை. மறுநாள் காலை பால்காரர் கத்தியதும் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவள் குழந்தையம்மாள்தான்.

அன்றிலிருந்து மகள் லோகப்பிரியா விடவில்லை. கோயம்புத்தூரில் தன் வீட்டுக்கு அருகிலேயே வாடகைக்கு வீடு பார்த்துத் தருவதாகவும், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் கணவர் தம்பிதுரை இருக்கிறாரே. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, வைத்தியத்துக்காக மகள் வீட்டில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். பதினோரு நாளும் அந்த மனிதர் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. தோட்டத்துக்குத் திரும்பிய அன்றுதான் இரண்டு தோசை தின்றார். இன்னொரு முறை கொண்டுபோனால் அவர் ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்று குழந்தையம்மாளுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதல்ல.

தம்பிதுரை மஞ்சள் வியாபாரம் செய்த காலத்தில், ஈரோட்டிலிருந்து பணத்தோடு வர வேண்டியிருந்ததால், லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கியிருந்தார். அவர் கை விழுந்த பிறகு அது துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கப்பட்டுக் கிடந்தது. அதை மனைவி பேருக்கு மாற்றலாம், ஆனால் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

“நானே கத்துக்கறேன்” என்றாள் குழந்தையம்மாள்.

லோகப்பிரியா சிரித்தாள். “நீயாம்மா? கரண்டு பில்லு கட்டப் போனாக்கூட லைன்ல கடைசியா நிப்பே.”

“நின்னாலும் கட்டிப்போட்டுத்தான கண்ணு வாரேன்.”

மகள் சிரிப்பை நிறுத்தினாள். “செரி. ரெண்டு நாள் நான் வந்து அப்பாவப் பாத்துக்கறேன். நீ சர்ட்டிபிகேட்டோட வந்தீன்னா அதுக்கப்புறம் ஊடு மாத்தறதப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்த துப்பாக்கிப் பயிற்சிக் கூடம், பழைய பட்டறை ஒன்றைச் சீர் செய்து கட்டியது. வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். பெண் இவள் ஒருத்திதான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள், இத்தனை வருடம் கழித்து மறுபடியும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடபதி பாடம் நடத்தினார். அவர் பேசியதில் பாதி விளங்கவில்லை. அதனால் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியை எடுத்ததும் குண்டு இருக்கிறதா என்று திறந்து பார்க்கிறார். வாய்ப்பக்கத்தை ஒருபோதும் ஆள் பக்கம் காட்டவில்லை. சுடும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே நீட்டியே இருக்கிறது. மத்தியானம் ஒவ்வொருவராகச் செய்து காட்டச் சொன்னபோது, ஒன்றையும் விடாமல் செய்தவள் இவள் ஒருத்திதான்.

பிறகு சத்தம் போடச் சொல்லிக் கொடுத்தார். யாராவது உள்ளே நுழைந்தால் முதலில் துப்பாக்கி பேசக் கூடாது, வாய்தான் பேச வேண்டும், உரக்க அதட்ட வேண்டும் என்றார்.

குழந்தையம்மாள் எழுந்து நின்றாள். “ஏனுங்க... அங்கயே நில்லுங்க” என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. நகை வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகிறவரான இல்யாஸ் முன் பெஞ்சிலிருந்து திரும்பி, “அக்கா, திருடனக் கூப்படறீங்களா, சம்பந்தியக் கூப்படறீங்களா?” என்றார். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலைந்து தடவை அதட்டிப் பார்த்ததில் கொஞ்சம் சத்தம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுட வைத்தார்கள். வெடிச் சத்தம் தாக்காமலிருக்கக் காதுக்கு மூடி மாட்டிவிட்டார்கள். எதிரில் காகிதத்தில் கறுப்பு வட்டம். “வெடுக்குன்னு இழுக்கக் கூடாதும்மா. மெதுவா, ஒரே சீரா அழுத்தணும்” என்றார் வெங்கடபதி. நாற்பது வருடம் எருமையில் பால் கறந்த விரல்களுக்கு அதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைக் கொண்டுவந்து எண்ணியபோது பத்துக்கு எட்டு கறுப்புக்குள் இருந்தது. இல்யாசுக்கு மூன்று.

“அக்கா, என்ற கூட வாங்க. நகப் பெட்டிக்குக் காவலா வெச்சுக்கறேன்” என்றார் இல்யாஸ்.

வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் உள்ளுக்குள் அவளுக்குக் குளிர்ந்துபோயிற்று. தோட்டத்திலேயே இருந்துகொள்ளலாம். அவரை எங்கும் கொண்டுபோக வேண்டாம். காப்பி குடிக்கும்போது மகளுக்குப் போன் போட்டு, “பத்துக்கு எட்டு கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

கடைசிப் பாடம் பாக்கி இருந்தது. கூடத்தின் மூலையில் பலகையால் அறை மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார்கள். ஒரு கதவு, மேசை, நாற்காலி, ஓரத்தில் குடிநீர் கேனும் டம்ளரும். கையில் நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுப்பார்கள். வெளியிலிருந்து ஒருவர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார். அவரை நெருங்க விடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, துப்பாக்கியைக் கையை விட்டு வைக்கக் கூடாது. இவ்வளவுதான்.

குழந்தையம்மாள் முறை வந்தபோது வெங்கடபதி இல்யாசின் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார். இல்யாஸ் கதவருகே வந்து தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அம்மா, தேங்கா போட வந்தனுங்க. வெயிலு தாங்கல. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.”

அவள் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

டம்ளரோடு திரும்பியபோது நீலத் துப்பாக்கி இல்யாஸ் கையில் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இல்யாஸ் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “தண்ணி நல்லாருக்குதுங்கக்கா” என்றார். சிரிப்பு இன்னும் கூடியது.

“மறுபடியும்” என்றார் வெங்கடபதி.

இரண்டாவது தடவை அவள் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் “அங்கயே நில்லுங்க, கொண்டாறேன்” என்று சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு கேன் பக்கம் போனாள். மூன்றாவது தடவை அசையாமல் நின்றாள். இல்யாஸ் தண்ணீர் கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. அவள் உதடு பிரிந்தது, சொல் வரவில்லை. கண் தானாகக் கேனுக்குப் போயிற்று. “செத்த இருங்க” என்றாள்.

வெங்கடபதி நிறுத்தச் சொல்வதுபோல் கையை உயர்த்தினார். “இல்லைன்னு சொல்லணும்மா. அவ்வளவுதான். போயிருன்னு சொல்லணும்.”

“தெரியுமுங்க சார். வாய் வரமாட்டீங்குது. தண்ணி கேக்கறவங்களுக்கு எப்படீங்க...”

“திருடனும் அதத்தான கேப்பான்?”

அவள் கேனைப் பார்த்தாள். அப்போதுதான் பழனாத்தாள் விழுந்துகிடந்த இடம் அவள் கண்முன் வந்தது. வாசல்படியில் அல்ல. சமையலறையில், தண்ணீர்ப் பானைக்கு முன்னால், முகம் பானையைப் பார்த்தபடி. பித்தளைச் சொம்பு பக்கத்தில் உருண்டு கிடந்தது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை, தெரிந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று போலீஸ்காரர்கள் வாரக்கணக்கில் சொந்தக்காரர்களை விசாரித்தார்கள். பழனாத்தாளுக்குத் தெரிந்த ஆளாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெங்கடபதி சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுட்டது நன்றாக இருந்தது, எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள், கடைசிப் பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. “வீட்டுல பழகுங்கம்மா, வந்துரும்” என்றார். அவள் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். பெருந்துறை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவிநாசி தாண்டும் வரை, உதடு மட்டும் அசைய, “இல்லீங்க, போயிருங்க” என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் எதிரில் இல்லாதபோது சுலபமாக வந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டாள். லோகப்பிரியா உறையைப் பிரித்துப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது. “எங்கம்மாளா இது! சொன்ன சொல்லுச் சொன்னதுதான். இனி நான் வாய் தொறக்கல” என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குக் காப்பி வைக்க உள்ளே போனாள்.

தம்பிதுரை வாசலில் நாற்காலியில், தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழந்தையம்மாள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“சுட்டியா?” என்றார். நாக்குத் தடித்த பேச்சு. அவளுக்கு மட்டும் முழுசாக விளங்கும்.

“சுட்டனுங்க. பத்துக்கு எட்டு.”

இடது பக்க வாய் மட்டும் சிரித்தது. “எனக்கே ஆறுதான்டி.”

அவள் கடைசிப் பாடத்தைச் சொன்னாள். மூன்று தடவையும் என்ன செய்தாள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அதுக்கென்ன? தண்ணி கேட்டா குடுக்காம முடியுமா?” என்றார்.

“முடியாதுங்க” என்றாள் குழந்தையம்மாள். “அதானுங்க சொல்றேன்.”

வாய்க்கால் பக்கம் மயில் ஒன்று கத்தியது. அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவளைப் பார்க்கவில்லை.

“எப்பப் போறது?”

“தை பொறந்ததும் போலாமுங்க. பிரியாகிட்ட நானே சொல்றேன். கீழ் ஊடாப் பாக்கச் சொல்றேன்.”

அவர் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தென்னை உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. உள்ளே லோகப்பிரியா பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. அவர் இடது கையால் நாற்காலியின் கையைத் தட்டினார்.

“திருப்பி வெய்யி.”

“எந்தப் பக்கமுங்க?”

அவர் தோட்டத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து, நாற்காலியைச் சாய்த்து இழுத்து, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.