கழற்றிய மாலை

எங்கள் குடும்பத்தில் முதலில் பாரிஸ் வந்தவர் அப்பப்பாவின் தம்பி. கலியாணம் கட்டாமலே இங்கே இறந்துபோனார். அவரைப் பற்றித் தேடியபோது, ஊருக்கு அவர் அனுப்பிய ஒரேயொரு படம்தான் கிடைத்தது. கார் து நோர் ரயில் ஸ்டேஷன் வாசலில் இரண்டு இளைஞர்கள். எங்கள் குடும்ப மூக்கு யாருக்கு இருந்ததோ, அவர்தான் என்று முடிவுகட்டி, அந்த முகத்தை மட்டும் பெருப்பித்து, லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் பிறேம் போட்டு, மாலையோடு மாட்டினேன்.

திவசத்துக்கு, அவரோடு ஒரே அறையில் இருந்த ஐயாவை புறநகரான லா கூர்னெவ்விலிருந்து அழைத்தேன். படத்தைக் கண்டதும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பிள்ளை, இது நானெல்லோ!"

உடனே மாலையைக் கழற்றினேன். "அப்ப மற்றவரோ அவர்?"

"இல்லைப் பிள்ளை. படம் எடுத்ததே அவர்தான். அவரை ஒரு படம் எடுப்பமெண்டு எங்களுக்குத் தோன்றேல்லை." ஐயா அழுதார்.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில், படம் எடுப்பவரின் போனை வாங்கி முதலில் அவரை எடுக்கிறேன். சுவரில் அந்தப் படம் மாட்டிய ஆணி மட்டும் இருக்கிறது.