அக்கா பூசிய பூச்சு

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. "உங்க அக்கா கேரளாவுல நர்ஸா இருந்தாங்களா?" என்று இன்றும் உறவினர்கள் கேட்கிறார்கள். அவர் செய்த வேலையை இங்கே சொல்வது என் கடமை.

அடி அண்ணாமலையில் மணிலா என்னும் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. கல்யாணம் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அம்மா அழுதார். அக்கா டவுன் கல்லூரியில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார்.

எழுபதுகளின் கடைசியில் கேரளத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. உடம்புக்குள் வைக்கும் பிளாஸ்டிக்கின்மேல் பட்டால் ரத்தம் உறைந்துவிடும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு பொருளையும், ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் மருந்தையும் சேர்த்து அதன்மேல் மெல்லியதாகப் பூசுவதுதான் அக்காவின் வேலை. இரண்டுமே இயற்கையில் கிடைக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் என்பார்.

பல ஆண்டுகளுக்குப் பின், பூச்சின்மேல் குடுவையில் வைத்த ரத்தம் உறையாமல் நின்றது. எல்லோரும் மகிழ்ந்திருக்கையில், ஓடும் ரத்தத்திலும் பார்த்தாக வேண்டும் என்று அக்காதான் பிடிவாதம் பிடித்தார். பார்த்தார்கள். பூச்சு ஓரங்களில் உரிந்தது. உரிந்த இடத்தில் ரத்தம் கட்டியது. "உரியுது சார், இது ஆகாது" என்று தலைவரிடம் தானே போய்ச் சொன்னார்.

அதே ஆண்டில் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. வால்வை மாற்றியே தீர வேண்டும் என்றார்கள் சென்னை டாக்டர்கள். வெளிநாட்டு வால்வு; ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை.

"நீ கண்டுபுடிச்சதையே அதுமேல பூசச் சொல்லக் கூடாதாக்கா?" என்றேன்.

"யாருக்கும் வைக்கக் கூடாதுன்னு சொன்னவ நான்டா. எனக்கு மட்டும் வெச்சுக்குவனா?"

"அப்ப இத்தினி வருஷம் என்னாத்துக்குடி ஒழச்ச?" என்றார் அம்மா.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஆபரேஷனுக்குப் பின் வேங்கிக்கால் வீட்டில் எங்களோடு இருந்தார். ஒரு நாள் காலையில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. நாக்கு குழறும்போதே, "வால்வுல கட்டுன ரத்தம்... மூளைக்குப் போயிடுச்சு. வேலூர் போலாம். மாத்திரைய விடலனு டாக்டர்கிட்ட சொல்லு" என்றார். அதன்பின் பேச்சு இல்லை. வழி நெடுக விழித்தே இருந்தார். காரில் இருந்தவர்களில் நடப்பது என்னவென்று முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது.

கடையை அப்படியே விட்டுவிட்டு வேலூர்வரை கார் ஓட்டிவந்த பக்கத்து வீட்டு பாய்க்கும், ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த உறவுப் பிள்ளைகளுக்கும், கடைசிவரை போராடிய டாக்டர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருமாதிக்குக் கேரளத்திலிருந்து வந்த அக்காவின் சக ஊழியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அவர்களிடம் அம்மா, "அந்தப் பூச்சு இப்ப நிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இன்னும் உரியுது" என்றார்கள்.

"நிக்கிற வரைக்கும் யாருக்கும் வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு இலை போட எழுந்தார் அம்மா.